ஊதுபத்தியும் ஒன்பது மணிச் செய்தியும்

ரெண்டு இங்கிலீஷ் செய்தி சேனல்கள் ஒரு வாக்கியத்துக்காக டெல்லி ஹைகோர்ட்டில் மல்லுக்கட்டிய கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 'நேஷன் வான்ட்ஸ் டு நோ' யாருக்குச் சொந்தம் என்பதுதான் சண்டை. ஆனால் அதற்கு ரொம்ப முன்னாலேயே பெங்களூர் ஊதுபத்திக் கம்பெனி ஒன்று இதே மாதிரிக் கேள்வியோடு சுப்ரீம் கோர்ட் வரை போயிருக்கிறது. அங்கிருந்து ஆரம்பித்தால்தான் சேனல் சண்டை சரியாகப் புரியும் என்பது என் கட்சி.

பெங்களூர் வந்த புதிதில் கன்னடத்தில் நான் முதலில் பிடித்துக்கொண்ட சொல் 'ஈ'. ஈ பஸ், ஈ மனெ, ஈ ரோடு (ஈரோட்டுக்காரர்கள் மன்னிக்கவும் :-)). நம்ம 'இந்த' தான் அது. நாடு அவர்களுக்கும் நாடுதான். ஆக, ஈநாடு என்றால் இந்த நாடு. மலையாளத்திலும் அதே அர்த்தம்தான், 1982-இல் ஐ.வி.சசி அந்தப் பெயரில் ஒரு படமே எடுத்தார். தெலுங்குக்காரரைக் கேட்டால் மட்டும் வேறு பதில் வரும். அங்கே ஈநாடு என்றால் 'இன்று'. கமலின் 'உன்னைப்போல் ஒருவன்' 2009-இல் தெலுங்குக்குப் போனபோது வைத்த தலைப்பும் இதுதான்.

இப்படி மூன்று மொழிக்காரர்கள் வாயில் தினமும் புழங்கும் சொல்லை ஒருத்தர் தனக்கென்று வேலி போட முடியுமா?

ராமோஜி ராவ் 1974 ஆகஸ்டில் விசாகப்பட்டினத்தில் 'ஈநாடு' பத்திரிகையைத் தொடங்கினார். 1995-இல் ஈடிவி வந்தது. ஈடிவியின் 'ஈ'யும் ஈநாடுதான். இரண்டையும் நடத்தியது உஷோதயா என்டர்பிரைசஸ். பெங்களூரின் ஆஷிகா இன்சென்ஸ் 1990களில் 'ஆஷிகாஸ் ஈநாடு' என்று ஊதுபத்தி விற்க ஆரம்பித்தது. உஷோதயா 1999-இல் ஹைதராபாத்தில் வழக்குப் போட்டது.

முதலில் படித்தபோது எனக்கு சிரிப்புதான் வந்தது. செய்தித்தாளுக்கும் ஊதுபத்திக்கும் என்ன சம்பந்தம்? டிரேட் மார்க் பதிவேட்டிலேயே ஊதுபத்தி 3-ஆம் வகுப்பு, பத்திரிகை 16, ஒளிபரப்பு 38. ஒருவர் தெருவில் இன்னொருவர் கடையே போடவில்லை. ஊதுபத்திக்காரர்களும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார்கள்: இது பொதுச்சொல், எங்கள் மொழியில் இதற்கு இந்த நாடு என்று அர்த்தம், எங்கள் சரக்கே வேறு.

ஆனால் சட்டத்தில் ஒரு சங்கதி இருக்கிறது. பொதுச்சொல்லை சும்மா பதிவு செய்ய விடமாட்டார்கள். விற்கிற பொருளை வர்ணிக்கிற சொல் என்றால் இன்னும் கஷ்டம். அதே சொல்லை வருஷக்கணக்காகப் புழங்கி, கேட்டவுடன் அகராதி அர்த்தம் மறந்து உங்கள் முகம் மட்டும் ஞாபகம் வருகிறது என்றால் கதை மாறிவிடும். இரண்டாம் பொருள் என்பார்கள். ஆந்திராவில் காலை பால் பாக்கெட்டோடு வாசலில் விழுகிற பேப்பர் அது. அங்கே பெட்டிக்கடையில் போய் 'ஈநாடு' என்று கேட்டால் யாரும் காலண்டரைக் காட்டமாட்டார்கள்.

2011 மார்ச் 3 அன்று சுப்ரீம் கோர்ட் இதைத்தான் சொன்னது. அந்தப் பெயர் ஆந்திராவில் இரண்டாம் பொருள் பெற்றுவிட்டது, அங்கே ஊதுபத்தியை அந்தப் பெயரில் விற்க விட்டால் ஜனங்கள் அதை உஷோதயாவின் சரக்கு என்றே நினைப்பார்கள் என்றது. பன்னிரண்டு வருஷம் இழுத்த கேஸ். தீர்ப்பு ஆந்திரா ஆந்திரா என்று அழுத்துவதைக் கவனியுங்கள். ஒரு சொல்லுக்கு ஹொசூர் ரோடில் ஒரு அர்த்தம், ஹைதராபாத்தில் ஒரு அர்த்தம் என்றால் வேலியும் அர்த்தத்தோடு சேர்ந்துதானே நிற்க வேண்டும்? (தீர்ப்பு வந்து மூன்று வருஷத்தில் அந்த ஆந்திராவே இரண்டாகிவிட்டது தனிக் கதை.)

இப்போது சேனல்களுக்கு வருவோம். டைம்ஸ் நவ் 2006-இல் தொடங்கியது. அர்னாப் கோஸ்வாமியின் 'நியூஸ்அவர்' அதன் இரவு ஒன்பது மணி அடையாளமானது. அவர் 2016 நவம்பரில் வெளியேறி, 2017 மே 6-இல் ரிபப்ளிக் டிவியை ஆரம்பித்தார். நிகழ்ச்சியின் பெயரையும் அந்தப் பிரபல வாக்கியத்தையும் தங்கள் பெயரில் பதிவு செய்ய அவர் கம்பெனி விண்ணப்பிக்க, டைம்ஸின் தாய்க் கம்பெனி பென்னட் கோல்மன் கோர்ட்டுக்குப் போனது. அந்த வாக்கியத்தை எங்கள் எடிட்டோரியல், மார்க்கெட்டிங் ஆட்கள் உருவாக்கினார்கள் என்றது டைம்ஸ் தரப்பு. இது பேச்சில் சாதாரணமாக வருகிற வாக்கியம் என்றது அர்னாப் தரப்பு. சாதாரண வாக்கியம் என்றால் நீங்கள் ஏன் சார் பதிவு செய்யப் போனீர்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது.

2020 அக்டோபர் 23 அன்று நீதிபதி ஜெயந்த் நாத் இடைக்கால உத்தரவு போட்டார். 'நியூஸ்அவர்' மாதிரியான பெயர்களை ரிபப்ளிக் வைக்கக் கூடாது. 'நேஷன் வான்ட்ஸ் டு நோ'வை மட்டும் இரண்டாகப் பிரித்தார். செய்தி வாசிக்கும்போது பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொள்ளலாம். டிரேட் மார்க்காகப் பயன்படுத்தினால் கணக்கு வைத்துக் கோர்ட்டில் கொடுக்க வேண்டும். யாருக்குச் சொந்தம் என்பதை சாட்சியங்களை விசாரித்துத்தான் சொல்ல முடியும் என்றும் சொல்லிவிட்டார்.

ஊதுபத்தி வழக்கில் மாநில எல்லையில் நின்ற வேலி, இங்கே ஒரு மனிதனின் வாய்க்கும் அவன் போர்டுக்கும் நடுவில் வந்து நிற்கிறது. எனக்கு இது பிடித்திருக்கிறது. பத்து வருஷம் தினமும் கத்திய வாக்கியத்தை, வேலையை விட்டபிறகு வாயிலேயே எடுக்கக் கூடாது என்றால் அநியாயம். அதே வாக்கியத்தை வியாபாரப் பெயராக்கிக் காசு பார்ப்பது வேறு விஷயம்.

கடைசியாக ஒன்று. ஈநாடு குழுமம் 2000-இல் இங்கே ஈடிவி கன்னடாவைக் கொண்டுவந்தது. பிறகு சேனல் கைமாறி, 2015-இல் கலர்ஸ் கன்னடா ஆகிவிட்டது. எங்கள் வீட்டு ஓனரம்மா ராத்திரி சீரியல் நேரத்தில் ரிமோட்டைத் தேடும்போது இன்னமும் "ஈடிவி ஹாகப்பா" என்றுதான் பேரனிடம் சொல்கிறார். அவனும் சரியாகக் கலர்ஸைத்தான் வைக்கிறான்.