பசை எண்டு பேர் வைச்ச கலம்

கண்ணைப் பற்றிப் படிக்கேக்க கோல், கூம்பு எண்ட ரெண்டு கலங்களின்ர பேர்தான் எங்களுக்கு மனசில நிக்கும். விழித்திரையின் நரம்புக்கலங்களைச் சாகவிடாமல் பார்க்கிற முல்லர் கலத்தைக் கேள்விப்பட்டிருக்கிறீங்களா?

1851இல் ஜேர்மனியின் வூர்ட்ஸ்பூர்க்கில் ஹைன்ரிச் முல்லர் என்ற உடற்கூற்றியலாளர், விழித்திரையின் படைகளை ஊடறுத்துச் செல்லும் மெல்லிய நார்களைப் பற்றி எழுதினார். அந்த நார்கள்தான் இந்தக் கலங்கள். அதே பல்கலைக்கழகத்தில் இருந்த ருடோல்ஃப் விர்கோ, நரம்புகளுக்கு இடையே கிடக்கும் இழையத்துக்கு 1856இல் 'நியூரோகிளியா' என்று பெயரிட்டார். 'கிளியா' எண்டால் கிரேக்கத்தில பசை. முல்லர் கலமும் பிறகு அந்தக் குடும்பத்தில் சேர்க்கப்பட்டது.

பசைக்கு என்ன வேலை? ஒட்டுறதுதானே! பெயர் மட்டும் காரணமில்லை. நரம்புக்கலங்களின் மின்துடிப்பைக் கருவியால் அளக்கலாம். கிளியாக் கலங்கள் அப்படித் துடிப்பதில்லை. அதனால் நெடுங்காலமாக ஆய்வாளர்களின் கவனம் நரம்புக்கலங்களிலேயே இருந்தது.

1957இல் லூக்காஸ், நியூஹவுஸ் என்ற இருவர் குட்டி எலிகளுக்குக் குளுட்டமேற்றை ஊசியால் ஏற்றினார்கள். விழித்திரையின் உட்படைகள் அழிந்தன. இதில ஒரு புதிர் இருக்கு. விழித்திரை நரம்புக்கலங்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்துவதும் இதே குளுட்டமேற்றுத்தான். அப்ப, ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருக்கிற கண் ஏன் அழியேல்லை?

முல்லர் கலம்தான் காரணம். செய்தி கடத்தப்பட்டதும் மிஞ்சும் குளுட்டமேற்றை அது உள்ளே இழுத்து, தீங்கில்லாத குளுட்டமீனாக மாற்றி, நரம்புக்கலங்களுக்கே திருப்பிக் கொடுக்கிறது. நரம்புகள் வேலை செய்யும்போது வெளியேறும் பொற்றாசியத்தையும் அது அகற்றுவதை 1980களில் எரிக் நியூமன் காட்டினார். 2007இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், குளுட்டமேற்றை உள்ளிழுக்கும் புரதம் இல்லாத எலிகளை ஆராய்ந்தார்கள். கண் அழுத்தம் கூடாமலே அவற்றின் பார்வை நரம்புக்கலங்கள் செத்துக்கொண்டு வந்தன.

குளுக்கோமாவில் சாவதும் அதே வகைக் கலங்கள்தான். செத்தது மனிதரில் திரும்ப முளைக்காது. இன்றைய மருந்துகள் கண் அழுத்தத்தைத்தான் குறைக்கின்றன. அழுத்தம் சாதாரணமாக இருந்தும் பார்வை இழப்பவர்கள் இருக்கிறார்கள்.

வரிக்குதிரை மீனில் கதை வேறை. அதன் விழித்திரை காயப்பட்டால் முல்லர் கலமே பிரிந்து புதிய நரம்புக்கலங்களை உண்டாக்கும். எங்கட கண்ணில் அதே கலம் பெரும்பாலும் தழும்பைத்தான் உண்டாக்குகிறது. மீனில் திறந்திருக்கும் அந்த வழி எங்களில் ஏன் அடைபட்டது எண்டதைத்தான் இப்ப ஆய்வுகூடங்கள் தேடுகின்றன. பசை எண்டு ஒதுக்கின கலத்திட்டத்தான் கடைசியில எல்லாரும் வந்து நிக்கினம்.