980,5 எப்படி 9805 ஆச்சு? எண்ணை எழுத்தாக்கின கதை

இந்த எபிசோடு ஒரு கமாவைப் பற்றியது. ஒரு கமாவுக்கு ஒரு எபிசோடான்னு சிரிக்காதீங்க. அந்தக் கமாவால் ஒரு லாரி டிரைவருக்கு ஒரு வாரத்துப் பயணப்படி கிட்டத்தட்ட முழுசாகவே வராமல் போனது. அந்தக் கோடை எழுதினது நான்தான்.

வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு மாதம் இருக்கும். எங்கள் வாடிக்கையாளர் ஐரோப்பாவில் சரக்கு லாரி ஓட்டும் ஒரு நிறுவனம். எந்த டிரைவர் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார் என்று ஜெர்மனிக் கிளையிலிருந்து வாராவாரம் ஒரு ஃபைல் வரும். அதைப் படித்துப் படியைக் கணக்குப் போட்டு, சம்பளம் போடுகிற சிஸ்டத்துக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதல் முறை ஓடவிட்டதுமே எரர். காரணம், ஃபைலில் இருந்த 980,5. ஜெர்மனியில் அது தொள்ளாயிரத்து எண்பதரை. நாம் புள்ளி வைக்கிற இடத்தில் அவர்கள் கமா வைப்பார்கள், நாம் கமா போடுகிற இடத்தில் புள்ளி. ஆயிரத்து இருநூற்று ஐம்பதரை என்றால் 1.250,5. ஜாவாவின் பார்ஸ்டபுள் இந்தக் கமாவைப் பார்த்ததும் எனக்கு இது தெரியாதுன்னு கையை விரித்துவிட்டது. இணையத்தில் தேடினேன். கமா வந்தால் நம்பர்ஃபார்மேட்டைப் பயன்படுத்து என்று யாரோ எழுதியிருந்தார்கள். மாற்றினேன், எரர் போய்விட்டது. சந்தோஷமா டீ குடிக்கப் போனேன்.

உள்ளே நடந்தது இது. எந்த நாட்டு வழக்கத்தில் படிக்கணும்னு நான் சொல்லவில்லை. சர்வர் அமெரிக்க வழக்கத்தில் இருந்தது. அமெரிக்காவில் கமா என்பது ஆயிரத்தைப் பிரிக்கிற அலங்காரம், படிக்கும்போது அதைத் தள்ளிவிடலாம். ஆக 980,5 என்பது 9805 ஆனது. 1.250,5 வந்தபோது புள்ளியைத் தசமப் புள்ளியாக எடுத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் வந்த கமாவில் நின்றுவிட்டது. கிடைத்தது 1.25. ஆயிரம் கிலோமீட்டருக்குக் கீழே ஓட்டியவர்களுக்குப் பத்து மடங்கு, அதற்கு மேல் ஓட்டி உழைத்தவர்களுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு. எரர் ஒன்றுகூட இல்லை.

எங்கள் டெஸ்ட் எதுவும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு டிரைவர் தன் அலுவலகத்தில் சம்பளச் சீட்டைக் காட்டி, இது என்னன்னு கேட்டிருக்கிறார். அந்தச் சீட்டின் படம் மூன்று பேர் கைமாறி என் மெயிலுக்கு வந்தது. பக்கத்து சீட்டில் இருந்த அக்கா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன லொகேல் குடுத்திருக்க?"

"எதுவும் குடுக்கலக்கா."

"அப்ப சர்வர் அதுவா ஒண்ணு எடுத்துக்கும்ல?"

தப்பு என்னுடையதுதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. 980,5 என்பது அமெரிக்க வழக்கப்படியும் தப்பான எண். கமாவுக்குப் பின்னால் மூன்று இலக்கம் வேண்டாமா? அதை ஏன் வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டது? இதை யார், எப்போது இப்படி முடிவு செய்தார்கள்? அதைத் தேடிப் போனதில் கிடைத்த கதைதான் இந்த எபிசோடு.

முதலில் 1989. அந்த வருடம் சி மொழிக்கு அமெரிக்கத் தரநிலை வந்தது. அதில் செட்லொகேல் என்று ஒரு ஃபங்ஷன். இந்த புரோகிராம் ஜெர்மன் வழக்கத்தில் நடக்கட்டும் என்று ஒரு வரி எழுதினால், எண்ணை அச்சடிக்கிற பிரின்ட்எஃப்பும் எழுத்திலிருந்து எண்ணைப் படிக்கிற ஃபங்ஷனும் இரண்டுமே கமாவுக்கு மாறிவிடும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. பிரச்சினை என்னவென்றால், அந்த மாற்றம் புரோகிராம் முழுவதற்கும் சேர்த்து நடக்கும். திரையில் மனிதருக்குக் காட்டுகிற எண்ணும் மாறும், இன்னொரு புரோகிராம் படிப்பதற்காக ஃபைலில் எழுதுகிற எண்ணும் மாறும். நீங்கள் அந்த வரியை எழுதாவிட்டாலும் நீங்கள் இணைத்த ஏதாவது லைப்ரரி எழுதியிருக்கலாம். ஜிடிகே என்கிற ஜன்னல் லைப்ரரி தொடங்கும்போதே செட்லொகேலைக் கூப்பிடும். அதனால்தான் அதன் அடியில் இருக்கிற ஜிலிப்பில், எந்த நாடாக இருந்தாலும் புள்ளியை மட்டுமே தசமமாகப் படிக்கிற ஒரு தனி ஃபங்ஷனே வைத்திருக்கிறார்கள். தப்பித்து ஓட ஒரு பின்வாசல் மாதிரி.

அடுத்து டாலிஜென்ட். இந்தப் பெயரை நம்மில் பல பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். 1992-இல் ஆப்பிளும் ஐபிஎம்மும் சேர்ந்து, புது ஆப்பரேட்டிங் சிஸ்டம் செய்கிறோம் என்று ஆரம்பித்த கம்பெனி. அந்த சிஸ்டம் கடைசிவரை கைக்கு வரவே இல்லை. ஆனால் அங்கே எழுதிய பன்மொழிக் கோட் மட்டும் பிழைத்துக்கொண்டது. 1997-இல் வந்த ஜாவா 1.1-இல் இருக்கிற நம்பர்ஃபார்மேட், டேட்ஃபார்மேட் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். இன்றைக்கும் ஓப்பன்ஜேடிகே சோர்ஸைத் திறந்து பாருங்க, அந்த ஃபைல்களின் தலையில் டாலிஜென்ட்டின் காப்புரிமை வரி இருக்கும். செத்துப்போன ஒரு கம்பெனியின் பெயர், உலகம் முழுக்கச் சம்பளம் போடுகிற சர்வர்களுக்குள் இருக்கிறது. எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம். அதே வழியில் வந்த ஐசியு என்கிற லைப்ரரியை ஐபிஎம் 1999-இல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது. க்ரோமிலும் ஆண்ட்ராய்டிலும் இப்போது இருப்பது அதுதான்.

டாலிஜென்ட் ஆட்கள் சி செய்த தப்பைச் செய்யவில்லை. லொகேலை ஒவ்வொரு இடத்திலும் தனியாகக் கொடுக்கலாம். ஆனால் எழுதுவதற்கு ஃபார்மேட், படிப்பதற்கு பார்ஸ் என்று இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தார்கள். அந்த பார்ஸுக்குத் தாராள மனசு. தெரிந்தவரை படிக்கும், தெரியாதது வந்தால் நிற்கும், அதுவரை படித்ததைக் கொடுக்கும். 12 கிலோ என்று கொடுத்தால் 12. கொடுத்த எழுத்து முழுவதையும் இது பயன்படுத்தாமல் போகலாம் என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. நான்தான் படிக்கவில்லை. மனிதர் கையால் டைப் செய்கிற பெட்டிக்கு இந்தத் தாராளம் சரி. திரையில் தப்பாக வந்தால் அவரே பார்த்துத் திருத்திக்கொள்வார். ஃபைலுக்கு முன்னால் யாரும் உட்கார்ந்திருப்பதில்லையே.

என் கதைக்கு வருகிறேன். ஜெர்மன் லொகேலைக் கொடுத்துச் சரிசெய்தேன். ஒரு வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் பிரெஞ்சுக் கிளை சேர்ந்தது. பிரெஞ்சு வழக்கத்தில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளியும் இல்லை, கமாவும் இல்லை, ஒரு இடைவெளி: 1 250,5. இந்த முறை பயத்தில் முதலிலேயே சோதித்துப் பார்த்தேன். லொகேலைச் சரியாக பிரெஞ்சு என்றே கொடுத்தேன். வந்த பதில் 1. வெறும் ஒன்று.

ஏன்னா அது எதிர்பார்த்த இடைவெளி, நாம் ஸ்பேஸ் பாரில் தட்டுகிற இடைவெளி இல்லை. வரி உடையும்போது எண் இரண்டாகப் பிரியாமல் இருக்க ஒரு தனி இடைவெளி எழுத்து உண்டு. 2018-இல் அதையும் மாற்றி, அச்சுக்கலைக்கு ஏற்ற இன்னும் குறுகலான இடைவெளியாக ஆக்கினார்கள். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். பார்ஸ் மட்டும் சாதாரண இடைவெளியைப் பார்த்ததும் எண் முடிந்துவிட்டது என்று நின்றுவிடுகிறது.

மாற்றினார்கள் என்றேனே, யார் அவர்கள்? சிஎல்டிஆர் என்று ஒரு தரவுக் களஞ்சியம் இருக்கிறது. 2004-இலிருந்து யூனிகோட் அமைப்பு நடத்துகிறது. எந்த மொழியில், எந்த நாட்டில் தேதியை எப்படி எழுதுவார்கள், கமா எங்கே வரும், மாதத்தின் பெயர் என்ன என்று எல்லாம் அதில் இருக்கும். அந்தந்த மொழிக்காரர்கள் ஒரு தளத்தில் முன்மொழிந்து ஓட்டுப்போட்டு முடிவு செய்வார்கள். தமிழுக்கும் உண்டு. தமிழ்நாட்டுத் தமிழ் என்றால் 12,34,567, சிங்கப்பூர்த் தமிழ் என்றால் 1,234,567. அவ்வளவு நுணுக்கம். மக்கள் எழுதும் விதம் மாறினால் தரவும் மாறும், மாறத்தான் வேண்டும்.

சிக்கலே அங்கேதான். 2022 அக்டோபரில் வந்த 42-வது பதிப்பில் ஆங்கில நேரத்துக்கும் ஏஎம், பிஎம் என்பதற்கும் நடுவே இருந்த சாதாரண இடைவெளியை அந்தக் குறுகிய இடைவெளியாக மாற்றினார்கள். அச்சுக்கலைப்படி சரியான முடிவு. அது 2023 பிப்ரவரியில் க்ரோம் 110-க்கும், மார்ச்சில் ஜாவா 20-க்கும் வந்து சேர்ந்தது. உடனே, நேரத்தை எழுத்தாக மாற்றி அதையே திரும்பப் படித்துக்கொண்டிருந்த புரோகிராம்கள் வரிசையாக உடைந்தன. உடைந்த இடத்தைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும், ஏன்னா வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. க்ரோம்காரர்கள் அவசரமாகப் பழைய இடைவெளிக்கே திரும்பினார்கள். ஜாவாக்காரர்கள் திரும்பவில்லை.

நம்ம ஊர் எண்களைப் பேசாமல் இந்த எபிசோடை முடித்தால் நீங்க திட்டுவீங்க. தமிழ் எண்களில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை தனி எழுத்து இருப்பது தெரியும். பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்றும் தனித்தனி எழுத்து உண்டு. பழைய முறையில் 2024 என்பதை ௨௲௨௰௪ என்று எழுதுவார்கள். நாம் வாயால் சொல்கிற மாதிரியேதான்: இரண்டு ஆயிரம், இரண்டு பத்து, நாலு. இதில் பூஜ்ஜியத்துக்கு வேலையே இல்லை. அதனால் யூனிகோடின் ஆரம்பப் பதிப்புகளில் தமிழ்ப் பூஜ்ஜியம் கிடையாது. 2005-இல் 4.1 பதிப்பில்தான் ௦ வந்தது. அதன் பிறகு ௨௦௨௪ என்று இடமதிப்பு முறையில் எழுத முடிந்தது.

சிஎல்டிஆரில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இருக்கிறது, பழைய முறைக்கு ஒன்று, இடமதிப்பு முறைக்கு ஒன்று. பைத்தானில் ௨௦௨௪ என்பதை இன்ட்டுக்குள் கொடுத்துப் பாருங்க, அழகாக 2024 என்று வரும். ஜாவாவின் பார்ஸ்இன்ட்டும் அப்படித்தான். ௨௲௨௰௪ கொடுத்தால் இரண்டுமே எரர் கொடுக்கும். நம் முன்னோர் எழுதிய முறையைப் படிக்கத் தெரியாத பைத்தான், ௲ என்ற எழுத்தின் மதிப்பு என்ன என்று தனியாகக் கேட்டால் 1000 என்று சரியாகச் சொல்லும். எழுத்துக்கள் தெரியும், வாசிக்கத் தெரியாது. இதற்காக எனக்கு அதன்மேல் கோபம் இல்லை. எரர் வருகிறதே, அதுவே பெரிசு. 9805 என்று சொல்லவில்லை பாருங்க. எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வருவது ஜாவாவின் டெசிமல்ஃபார்மேட்மேல்தான். லட்சம் கோடிக் கமாவை அதற்குப் போடவே தெரியாது. ஒரே ஒரு குழு அளவுதான் அதற்குப் புரியும். தமிழ், இந்தியா என்று கொடுத்தாலும் 1,234,567 என்றுதான் எழுதும். தரவு சரியாக இருந்தும் அச்சடிக்கிற கைக்கு வரவில்லை.

இந்த விஷயத்தில் ஜாவாஸ்கிரிப்ட் எடுத்த முடிவு வேறு. 2012-இல் வந்த அதன் பன்மொழித் தரநிலையில் எண்ணுக்கும் தேதிக்கும் ஃபார்மேட் உண்டு, பார்ஸ் கிடையாது. ஒரு வழிப் பாதை. பல பேர் இதைக் குறையாகச் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் சொன்னேன். இப்போது, பார்ஸ் இல்லாதது எவ்வளவு பேரைக் காப்பாற்றியிருக்கும் என்றுதான் தோன்றுகிறது. ஜாவாவில் நம்பர்ஃபார்மேட்டுக்குக் கண்டிப்பான பார்ஸ் வந்தது 2024 செப்டம்பரில், ஜேடிகே 23-இல். முதலில் வந்து 27 வருடம் கழித்து. அதை இயக்கிவிட்டால் 980,5-ம் சரி, 1.250,5-ம் சரி, அமெரிக்க லொகேலில் எரராக வரும். நாமாகக் கேட்காவிட்டால் இன்றும் பழைய தாராளம்தான். இன்னொரு வேடிக்கை: அதே பதிப்பில்தான் தேதி, நேரத்தைப் படிக்கும்போது எந்த இடைவெளியாக இருந்தாலும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்கிற வசதியையும் சேர்த்தார்கள். எண்ணுக்குக் கண்டிப்பு, தேதிக்குக் கருணை.

என் ஃபைலை எப்படிச் சரிசெய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். மனிதர் பார்க்கிற ரிப்போர்ட்டையே எங்களுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்தி, கமாவும் இடைவெளியும் இல்லாமல் கிலோமீட்டரை மீட்டராக, முழு எண்ணாகத் தனி ஃபைலில் அனுப்பச் சொன்னோம். 980500. தேதியும் அப்படியே, வருடம் முதலில், நாலு இலக்கம். அவர்கள் பக்கத்தில் இது அரைநாள் வேலை. குறைவாக வந்தவர்களுக்கு மீதிப் பணம் அடுத்த வாரச் சம்பளத்தோடு போனது. அதிகமாகப் போனவர்களிடம் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. அந்தப் பட்டியலைத் தயாரித்ததும் நான்தான். ஒவ்வொரு வரியையும் கையால் சரிபார்த்தேன், கால்குலேட்டரை வைத்துக்கொண்டு.