சதுரக்கள்ளியும் கோல்டன் பேரலும்

தர்மபுரி மாவட்டத்துக் கரடுகளிலும் வேலியோரங்களிலும் யாரும் தண்ணீர் ஊற்றாமலே சதுரக்கள்ளி நிற்கிறது. அதே ஊர்களில் வீட்டு வாசல் தொட்டிக்கு நர்சரியிலிருந்து கோல்டன் பேரல் வருகிறது. இரண்டையும் கள்ளி என்கிறோம், குடும்பம் வேறு. சதுரக்கள்ளி ஆமணக்குக்கு உறவு, கீறினால் பால் வடியும். கோல்டன் பேரல் மெக்சிகோ நாட்டுக் காக்டஸ். அதில் பால் கிடையாது.

இரண்டும் வெயில் நேரத்தில் தண்டின் துளைகளை மூடி, இரவில் திறந்து காற்றை வாங்குகின்றன. வறட்சியைத் தாங்கும் வழி ஒன்றாக இருந்தும் பெருக்கும் வழி நேரெதிராக இருப்பதற்குக் காரணம் கிளைதான். சதுரக்கள்ளியில் ஒரு முழக் கிளையை வெட்டி, பாலைக் கழுவி, வெட்டுவாய் காயும்வரை நிழலில் போட்டு நட்டால் போதும். நடுவது ஏற்கெனவே வளர்ந்த உடம்பு. பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. வெட்டுகிறவர் கையுறையும் கண்ணாடியும் போட்டே தீரவேண்டும்.

கோல்டன் பேரல் ஒற்றை உருண்டை. வெட்டி நட அதில் கிளை இல்லை. உச்சியைச் சிதைத்தால் பக்கக் குட்டிகள் வரலாம், ஆனால் தாயின் அழகு போய்விடும். அந்த வேலை எனக்கு உடன்பாடில்லை. விதைதான் நேர்வழி. மணல் கலந்த மண்ணின் மேல் தூவி, நிழலில் ஈரம் காயாமல் வைத்தால் சில வாரங்களில் முளைக்கும். முதலாண்டில் பட்டாணி அளவைத் தாண்டினாலே பெரிது. 25 செ.மீ. அகலம் வரப் பத்து ஆண்டு பிடிக்கும். பூக்க அதைவிடவும் கூடுதல் காலம் ஆகும்.

அவ்வளவு பொறுமை எதற்கு என்று கேட்பவருக்கு ஒரு செய்தி. 1990களில் மெக்சிகோவின் சிமாபான் அணை நீரில் கோல்டன் பேரலின் இயற்கை வாழிடத்தில் ஒரு பகுதி மூழ்கியது. காட்டில் இது இன்று அழியும் ஆபத்திலுள்ள இனம். ஆகவே காட்டிலிருந்து பெயர்த்த செடியை வாங்காமல், விதையிலிருந்து வளர்த்ததையே கேட்டு வாங்க வேண்டும்.

மண்ணிலும் வேறுபாடு உண்டு. சதுரக்கள்ளிக்கு நம் செம்மண்ணும் பாறை இடுக்கும் போதும். தொட்டியில் செம்மண்ணை மட்டும் நிரப்பினால் புரட்டாசி, ஐப்பசி மழையில் இறுகி நீரைப் பிடித்துக்கொள்ளும். கோல்டன் பேரலின் வேர் அழுகும். பாதிக்கு மேல் கரடுமுரடான மணலும் செங்கல் துண்டும் கலந்து, அடைமழை நாட்களில் தொட்டியைக் கூரைக்கடியில் நகர்த்திவிடுங்கள். மறுபடி வெளியே வைக்கும்போது நேரே உச்சி வெயிலில் வைக்காமல், காலை வெயிலில் சில நாள் பழக்கிய பிறகு வையுங்கள். இல்லையேல் தோல் வெந்து மஞ்சள் தழும்பு விழும், அது மறையாது.