பல்லாவரத்தில் பறந்த விமானம்: உடம்பு நம்மூர், எஞ்சின் எந்த ஊர்?

கொடைக்கானல் மேல்மலை, பூண்டியிலிருந்து பேசுறேன். இந்த எபிசோடில் ஒரு ஹோட்டல் முதலாளி, ஒரு குதிரை வண்டிப் பட்டறை, ஒரு விமானம். மூணும் ஒரே கதை.

1910, மார்ச் மாதம். மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் பெரிய ஹோட்டல் நடத்திக்கொண்டிருந்தவர் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ். கோர்சிகா தீவுக்காரர். அதற்கு எட்டு மாதம் முன்னாடிதான், 1909 ஜூலை 25 அன்று, லூயி ப்ளேரியோ விமானத்தில் இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டியிருந்தார். உலகம் முழுக்க அதே பேச்சு. டி ஏஞ்சலிஸ் பேச்சோடு நிற்கவில்லை. தானே ஒரு விமானத்துக்கு வரைபடம் போட்டார். அதைச் செய்து தரச் சொல்லி அவர் போன இடம் மவுண்ட் ரோட்டிலேயே இருந்த சிம்ப்சன் கம்பெனி.

சிம்ப்சன் 1840-ல் தொடங்கிய கம்பெனி. குதிரைச் சேணமும் கோச்சு வண்டியும் செய்து பேர் வாங்கியது. அங்கே உருவான இரட்டை இறக்கை விமானத்தை டி ஏஞ்சலிஸ் பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்தார். அப்புறம் தீவுத்திடலில் டிக்கெட் போட்டு பொதுமக்களுக்குக் காட்டினார். லண்டனில் வெளிவந்த ‘ஃப்ளைட்’ பத்திரிகை வரைக்கும் செய்தி போனது.

பொதுவா நாம படிக்கிற இந்திய விமான வரலாறு அலகாபாத்தில் தொடங்கும். 1910 டிசம்பரில் அங்கே நடந்த பறப்புகள், 1911 பிப்ரவரி 18 அன்று ஆன்ரி பெக்கே யமுனையைத் தாண்டிக் கொண்டுபோன தபால் மூட்டை. மெட்ராஸ் அதுக்கெல்லாம் முந்தியது. ஆனா ‘யார் முதல்’ என்ற சண்டைக்கு நான் வரல. எனக்கு இதில் வேற ஒரு கேள்வி இருக்கு. குதிரை வண்டி செய்யும் பட்டறையால் எப்படி விமானம் செய்ய முடிந்தது?

யோசிச்சுப் பாருங்க. 1910-ன் விமானம் என்பது மரச்சட்டம், அதன் மேல் இழுத்துக் கட்டிய துணி, விறைப்புக்குக் கம்பி. மரத்தை வளைக்கணும், எடை ஏறாமல் பலமான மூட்டு போடணும், துணியைச் சுருக்கமில்லாமல் இழுக்கணும். கோச்சு வண்டி ஆசாரிகளுக்கு இதெல்லாம் தினசரி வேலை. உடம்பைப் பொறுத்தவரை மெட்ராஸ், பாரிஸுக்குச் சளைத்த ஊரில்லை.

எஞ்சின்தான் வேறு கதை. சிம்ப்சனுக்கு எஞ்சின் தெரியாது என்றில்லை. அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-லேயே நீராவி கார் ஒன்றைச் செய்திருந்தார். ஆனா நீராவி என்றால் பாய்லர், தண்ணீர், எரிபொருள். ரோட்டில் அந்த எடையைச் சக்கரம் தாங்கிக்கொள்ளும். வானத்தில் ஒவ்வொரு கிலோவையும் இறக்கைதான் தூக்கணும்.

ரைட் சகோதரர்கள் முட்டிக்கொண்டு நின்றதும் இதே இடத்தில்தான். குறைந்தது 8 குதிரைத்திறன், 90 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. இப்படி ஒரு எஞ்சின் வேண்டுமென்று கார் கம்பெனிகளுக்கு எழுதினார்கள். சரியாக ஒன்றும் அமையவில்லை. கடைசியில் அவர்களுடைய சைக்கிள் கடை மெக்கானிக் சார்லி டெய்லர், அலுமினியத்தில் வார்த்த பிளாக்கை வைத்து சுமார் ஆறு வாரத்தில் ஒன்றைச் செய்தார். 12 குதிரைத்திறன், சுமார் 82 கிலோ. ப்ளேரியோவிடம் இருந்தது 25 குதிரைத்திறன் அன்சானி. மூன்று சிலிண்டர், காற்றால் மட்டுமே குளிரும், சீக்கிரம் சூடேறிவிடும்.

‘அப்போ பெரிய எஞ்சினா வச்சுட்டா போச்சு’ன்னு தோணும். நான் சாஃப்ட்வேர்காரன். சர்வர் பத்தலைன்னா இன்னொன்னு சேர்த்துடுவோம். விமானத்தில் அது நடக்காது. பெரிய எஞ்சின் என்றால் எடை கூடும், அதைத் தாங்கச் சட்டம் கனமாகும், பெட்ரோல் கூடும், எல்லாத்தையும் தூக்க இறக்கை பெரிதாகும், அதை இழுக்க இன்னும் பெரிய எஞ்சின். சுத்திச் சுத்தி ஆரம்பித்த இடத்துக்கே வருவோம். டி ஏஞ்சலிஸின் விமானத்தில் இருந்தது சின்ன எஞ்சின்தான்.

இன்னொரு எதிரி, காற்று. வத்தலக்குண்டிலிருந்து பழைய கார்புரேட்டர் பைக்கில் மேல்மலை ஏறினவங்களுக்குத் தெரியும், மேலே வர வர வண்டி மூச்சு வாங்கும். காற்றின் அடர்த்தி குறைய, எரிபொருளோடு சேரும் ஆக்சிஜனும் குறையும். சாதாரண பெட்ரோல் எஞ்சின் 2,000 மீட்டர் உயரத்தில் சுமார் 20 சதவீதம் சக்தியை இழந்துவிடும். இறக்கைக்கும் புரொப்பெல்லருக்கும் பிடிமானம் குறையும். பல்லாவரம் கடல் மட்டத்துக்குப் பக்கம்தான், ஆனால் மார்ச் மாத மெட்ராஸ் வெயில்! சூடான காற்றும் மெல்லிய காற்றுதான். சின்ன எஞ்சினுக்கு அது கூடுதல் சோதனை.

இப்போ 110 வருஷம் தாண்டி வருவோம். ஆலப்புழையைச் சேர்ந்த அசோக் தாமராக்ஷன், இங்கிலாந்தில் மெக்கானிக்கல் எஞ்சினியர். கொரோனா லாக்டவுன் சமயத்தில் எசெக்ஸில் தன் வீட்டுத் தோட்டத்தில் ஷெட் போட்டு நாலு பேர் உட்காரும் ஸ்லிங் டிஎஸ்ஐ விமானத்தைக் கட்டினார். 2022-ல் குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றினார். கிட் வந்தது தென்னாப்பிரிக்காவிலிருந்து. ரிவெட் அடித்துப் பொருத்துவது வீட்டில் நடக்கும் வேலை. எஞ்சின் மட்டும் ஆஸ்திரியாவில் முழுசாகச் செய்து வருவது: ரோட்டாக்ஸ் 915, 141 குதிரைத்திறன். டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் 15,000 அடி வரை சக்தி குறையாது. நம்ம மேல்மலையெல்லாம் அதுக்கு ஒரு உயரமே இல்லை.

கவனிச்சீங்களா? 1910-லும் சரி, 2022-லும் சரி, உடம்பை நம்மவர் கையால் கட்டலாம். எஞ்சினை வெளியே வாங்கணும். தனி மனிதருக்கு அதில் தப்பே இல்லை, அதுதான் புத்திசாலித்தனம். ஆனா ஒரு நாட்டுக்கு? பெங்களூரு என்ஏஎல் வடிவமைத்த ஹன்சா பயிற்சி விமானத்திலும் ரோட்டாக்ஸ்தான். தேஜஸ் 2001 ஜனவரி 4 அன்று முதல் தடவை பறந்தது அமெரிக்க ஜிஇ எஞ்சினோடு. அதற்காகவே தொடங்கிய எஞ்சினுக்கு நம்ம ஆற்றின் பெயர், காவேரி. அது இன்னும் தேஜஸில் ஏறவில்லை.

அதே சிம்ப்சன், சுதந்திரத்துக்குப் பிறகு எஞ்சின் கம்பெனியாகவே மாறியது. பெர்கின்ஸ் தொழில்நுட்பத்தில் டீசல் எஞ்சின் செய்து லாரிக்கும் டிராக்டருக்கும் கொடுத்தது. டிராக்டருக்கு எடை இருந்தால் நல்லது, சக்கரம் மண்ணைப் பிடிக்கும். விமான எஞ்சின் கேட்பது நேர் எதிரானது: எடையே இல்லாத சக்தி. அதற்கு உலோகவியல், வார்ப்பு, வருஷக்கணக்கில் ஓட்டி உடைத்துப் பார்க்கும் சோதனைக்கூடம், அதுவரை காத்திருக்கும் பணம் எல்லாம் வேண்டும். ஒரு வரைபடமும் கைதேர்ந்த ஆசாரிகளும் மட்டும் போதாது.

டி ஏஞ்சலிஸை ‘இந்தியாவில் முதல்’ என்று கொண்டாடுறவங்க தாராளமா கொண்டாடட்டும். கூடவே அந்தச் சின்ன எஞ்சினையும் நினைவு வச்சுக்கணும். அடுத்த தடவை ‘முழுக்க நம்ம தயாரிப்பு’ன்னு ஒரு விமானச் செய்தி வந்தா, இறக்கையைப் பார்க்காதீங்க. எஞ்சின் எந்த ஊர்னு கேளுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.