கல்மண்டபத்தில் ஒரு சோவியத் அணி

நேத்து ராத்திரி மோட்டார் போட்டுட்டு வரப்புல உக்காந்திருந்தேன். பக்கத்துல பையன் போன்ல ஏதோ விளையாடிட்டிருந்தான். எட்டிப் பார்த்தா ஐஸ் ஹாக்கி. தண்ணி பாயுறதை மறந்து மனசு ராயபுரத்துக்குப் போயிடுச்சு.

இங்க மாடு, மழை, நெல்லுன்னே எழுதறேன். ஆனா பதினாலு வயசு வரைக்கும் நான் கல்மண்டபத்துப் பையன். அப்பாவுக்குத் துறைமுகத்துல மூட்டை தூக்குற வேலை. எங்க தெருமுனையில ஒரு வீடியோ கேம் கடை இருந்துச்சு. ரெண்டு டிவி, நாலு ஸ்டூல், ஒரு மணி நேரத்துக்குப் பத்து ரூபாய். ஜப்பான்ல நிண்டெண்டோ 1983-ல கொண்டுவந்த பெட்டியோட நகல்தான் அங்க இருந்தது. பர்மா பஜார்ல வாங்குனதுன்னு கடைக்காரர் பெருமையா சொல்வார். கேசட் ஓடலைன்னா வாயால ஊதி மறுபடி சொருகணும். எல்லா ரிப்பேருக்கும் அந்த ஒரே வைத்தியம்தான்.

மத்தவங்க மரியோவுக்கு அடிச்சுக்குவாங்க. எனக்கு 1988-ல வந்த ஐஸ் ஹாக்கி போதும். குண்டன், ஒல்லி, நடுத்தரம்னு மூணு வகை ஆளு. குண்டன் மெதுவா ஓடுவான், ஆனா அடிச்சா இடி. ஒல்லி பறப்பான், லேசா இடிச்சா விழுந்துடுவான். ஐஸ்னா எங்களுக்குக் காசிமேட்டுல மீன் மேல கொட்டுற ஐஸ்தான். அது மேல எப்படி மனுஷன் ஓடுவான்னு ஆச்சரியமா இருக்கும்.

அதுல மொத்தம் ஆறு அணி: அமெரிக்கா, கனடா, ஸ்வீடன், போலந்து, செக்கோஸ்லோவாகியா, சோவியத் யூனியன். இந்தியா கிடையாது. அதனால நாங்க சோவியத்தை இந்தியாவா வச்சுக்கிட்டோம். 1980-ல நம்ம தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில தங்கம் ஜெயிச்சது மாஸ்கோவுலதானேன்னு எதிர்வீட்டு அண்ணன் ஒரு நியாயம் சொன்னார். அது போதும்னு விட்டுட்டோம். வேடிக்கை என்னன்னா, சோவியத் யூனியன் 1991-லயே கலைஞ்சு போச்சு. செக்கோஸ்லோவாகியாவும் அடுத்த வருஷக் கடைசியோட ரெண்டாப் பிரிஞ்சுடுச்சு. எங்க கடையில மட்டும் 1996-லயும் ரெண்டு நாடும் கோல் போட்டுக்கிட்டு இருந்தது.

அந்த ஒல்லிக்குத் தன்ராஜ் பிள்ளைன்னு பேர் வச்சேன். பூனாவுல தமிழ்க் குடும்பத்துல பொறந்தவர், முடி பறக்க ஓடுவார். 1996 டிசம்பர்ல எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்துல சாம்பியன்ஸ் டிராபி நடந்தப்ப, அப்பா சட்டைப் பையில இருந்து இருபது ரூபாய் எடுத்துட்டு அண்ணன் கூடப் போயிட்டேன். ஆட்டத்துக்கு முன்னாடி செயற்கைப் புல்லுல தண்ணி அடிச்சிருந்தாங்க. பந்து போற வழியெல்லாம் தண்ணி தெறிச்சுது. ஐயோ, கேம்ல வர்ற ஐஸ் மாதிரியே இருக்கேன்னு கத்தினேன். தன்ராஜ் எங்க பக்கம் ஓடி வந்தப்ப தொண்டை கட்டுற வரைக்கும் கூப்பிட்டேன். அவர் திரும்பலை. எதுக்குத் திரும்பணும்!

அந்தத் தடவை கோப்பை நெதர்லாந்துக்குப் போச்சு. நமக்கு நாலாவது இடம்.

வீட்டுல இருபது ரூபாய் விஷயம் தெரிஞ்சு போச்சு. அப்பாவுக்கு அது அரை நாள் முதுகுவலி. பெல்ட்டால ரெண்டு வச்சார். ராத்திரி சாப்பிட்டு முடிச்சு, பாயில திரும்பிப் படுத்துக்கிட்டே, "அந்த முடி வச்ச பையன் நல்லா ஆடுனானா?"ன்னு கேட்டார். எனக்கு அழுகை வந்துடுச்சு. அவருக்கு தன்ராஜைத் தெரியும்ங்கறதே அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்.

அடுத்த வருஷம் வேலை போய், ஊருக்கே வந்துட்டோம்.

"இதுல இந்தியா இருக்கா பாருடா"ன்னு பையன்கிட்ட கேட்டேன். கொஞ்ச நேரம் விரலால தள்ளித் தள்ளித் தேடினான்.

"இல்லப்பா. வேற எது வேணும்?"