குரல் முதிரும்வரை காத்திருக்கும் படிப்பு

ஓபராவிலும் மியூசிகல் தியேட்டரிலும் எம்.ஏ. படிப்பு உண்டு என்றால் நம் அன்பர்கள் பலரும் கேட்பது: "பாட்டை ஐந்து வயதில் அல்லவா ஆரம்பிக்க வேண்டும்? பட்டம் வாங்கிய பிறகா?" நியாயமான கேள்விதான். ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள்.

16-ம் நூற்றாண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் நான்கு அனாதை இல்லங்கள் தோன்றின. பிள்ளைகளைக் காத்து வளர்க்கும் இடம் என்ற பொருளில் அவற்றைக் 'கன்சர்வத்தோரியோ' என்றார்கள். அடுத்த நூற்றாண்டில் அங்கு சங்கீதமே பிரதான பாடமாயிற்று. ஊர்வலங்களிலும் சவ அடக்கங்களிலும் பிள்ளைகள் பாடிய வருமானம் இல்லச் செலவுக்கு உதவியது. இசைப் பள்ளிகளுக்கு இன்று வழங்கும் 'கன்சர்வேட்டரி' என்ற பெயர் இதிலிருந்து வந்ததே.

1637-ல் வெனிஸில், கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கக்கூடிய முதல் ஓபரா அரங்கம் திறந்தது. பாடகர்களுக்குக் கிராக்கி கூடியது. சிறுவர்களின் குரல் உடையாமல் இருக்க, பருவம் எய்துமுன் விதை நீக்கம் செய்யும் கொடுமையும் பரவியது. ஃபாரினெல்லி போன்ற சிலர் பெரும் புகழ் பெற்றனர். அந்தப் புகழ் கிட்டாதவர்கள் பலர். இவ்வகைப் பாடகர்களில் கடைசியாக அறியப்படும் மொரெஸ்கி 1922-ல்தான் காலமானார். அவர் குரல் இசைத்தட்டில் பதிவாகியுள்ளது.

இயற்பியல் படித்தவன் என்ற முறையில் என்னைக் கவர்ந்தது வேறொன்று. மைக் இல்லாமல் ஒரு பாடகர் முழு வாத்திய கோஷ்டியையும் மீறி எப்படிக் கேட்கிறார்? வாத்தியங்களின் ஒலிச் சக்தி சுமார் 500 ஹெர்ட்ஸ் அருகில் மிகுந்து, மேலே போகப் போகக் குறைகிறது. பயின்ற பாடகர், குறிப்பாக ஆண் பாடகர், தொண்டையின் அமைப்பை மாற்றி 3000 ஹெர்ட்ஸ் அருகில் தன் குரலுக்கு வலுவூட்டுகிறார். ஸ்வீடன் விஞ்ஞானி சுண்ட்பெர்க் 1970-களில் இதை விளக்கினார். இந்தத் திறனைத் தாங்கும் அளவுக்குக் குரல் முதிர இருபதுகளின் பிற்பகுதி ஆகிவிடும். கனத்த குரல்களுக்கு இன்னும் தாமதம்.

லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக் 1822-ல் நிறுவப்பட்டபோது சிறுவர் சிறுமியரையே மாணவர்களாகச் சேர்த்தது. இன்று அங்கே ஓபராவும் மியூசிகல் தியேட்டரும் முதுநிலைப் படிப்புகள். ஓபரா மாணவர் இத்தாலியம், ஜெர்மன், பிரெஞ்சு உச்சரிப்பும் நடிப்பும் கற்கிறார். மியூசிகல் தியேட்டரில் மைக் உண்டு. ஆனால் பாட்டு, நடிப்பு, நடனம் மூன்றும் வேண்டும். லண்டனிலும் நியூயார்க்கிலும் வாரம் எட்டுக் காட்சி ஆடுவது வழக்கமாதலால், குரல் கெடாமல் காப்பதும் ஒரு பாடமே.

அன்று காத்திருக்கப் பொறுமையின்றிக் குழந்தையின் உடலைச் சிதைத்தார்கள். இன்று உடல் தயாராகும்வரை கல்வி காத்திருக்கிறது. ஆனால் அனாதைகளுக்கு இலவசமாகக் கிடைத்த கல்வி இன்று பெருஞ்செலவுள்ளது, வேலையும் நிச்சயமில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளை 23 வயதில் இதைப் படிக்க விரும்பினால் செலவையும் உதவித்தொகையையும் தீர விசாரியுங்கள். வயது கடந்துவிட்டது என்று மட்டும் தடுக்க வேண்டாம்.