ரைட் லேனில் லாரி, லெஃப்ட்டில் ஓவர்டேக்: ஒரு பழக்கத்தின் வரலாறு

1/
அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டியில் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் நாங்க அதிகமா எழுதுற மூன்றெழுத்து 'ஆர்.டி.ஏ.' அதாவது சாலை விபத்து. காயத்துக்கு ட்ரீட்மென்ட் புத்தகத்தில் இருக்கு. காரணத்துக்கு மருந்து வேற இடத்தில் இருக்கு. இந்த த்ரெட் அந்தக் காரணத்தைப் பற்றியது. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
குமாரபாளையம் பைபாஸில் சேலம் பக்கமோ கோவை பக்கமோ ஒரு தடவை போனாலே பாத்திருப்பீங்க. லோடு லாரி 50 கி.மீ. வேகத்தில் ரைட் லேனில், டிவைடரை ஒட்டியே போகும். பின்னாடி வர்ற கார் ஹாரன் அடிச்சுப் பார்த்துட்டு, லெஃப்ட்டில் புகுந்து ஓவர்டேக் பண்ணும். அதே லெஃப்ட்டில் ஒரு டி.வி.எஸ். 50 போயிட்டிருக்கும்.
இது எப்படிப் பழக்கம் ஆச்சு? திட்டறதுக்கு முன்னாடி இதோட வரலாற்றைப் பாத்துடலாம்.

3/
வேகக் கட்டுப்பாட்டின் கதை இங்கிலாந்தில் ஆரம்பிக்குது. 1865-ல் ஒரு சட்டம் போட்டாங்க. நீராவி வண்டி ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல் வேகத்தில்தான் போகணும். வண்டிக்கு முன்னால் சுமார் 55 மீட்டர் தூரத்தில் ஒரு ஆள் சிவப்புக் கொடியோடு நடந்து போகணும்.
இன்னைக்குச் சிரிப்பா இருக்கும். ஆனா எதிரே வர்ற குதிரை மிரளாம இருக்கவும், நடக்கிறவன் ஒதுங்கவும் அன்னைக்கு வேற வழி இல்ல.

4/
1896-ல் வேகம் 14 மைல், 1903-ல் 20 மைல் (சுமார் 32 கி.மீ.) என ஏறியது. யாரும் மதிக்கல. "மதிக்காத சட்டம் எதுக்கு?" என்று 1930-ல் கார்களுக்கான வேக வரம்பையே எடுத்துட்டாங்க.
விளைவு? 1934-ல் மட்டும் பிரிட்டனில் சாலையில் இறந்தவர்கள் 7,343 பேர். அன்றைக்கு அங்கே ஓடிய வண்டிகள் இன்றைய எண்ணிக்கையில் ஒரு சின்னத் துண்டுதான். 1935 மார்ச்சில், ஊருக்குள் 30 மைல் (48 கி.மீ.) என்ற வரம்பு திரும்பி வந்தது.

5/
ஒரு நாடே செஞ்சு பார்த்த பரிசோதனை இது. "நல்லா ஓட்டத் தெரிஞ்சவனுக்கு ஸ்பீடு லிமிட் எதுக்கு?" என்று இன்னைக்கு டீக்கடையில் கேட்கிற கேள்விக்கு 90 வருஷத்துக்கு முன்னாடியே பதில் வந்தாச்சு.

6/
அடுத்து லேன். 1903-ல் நியூயார்க் நகரத்துக்கு வில்லியம் ஃபெல்ப்ஸ் ஈனோ என்பவர் சாலை விதிகள் எழுதிக் கொடுத்தார். மெதுவா போற வண்டி ஓரமா போகணும், வேகமா போறவனுக்கு நடுப்பக்கம் விடணும் என்பது அதில் முக்கியமான விதி. அப்போ அது குதிரை வண்டிகளுக்கு எழுதினது. இத்தனைக்கும் ஈனோ கார் ஓட்டக் கத்துக்கவே இல்ல.

7/
சாலை நடுவில் கோடு போடும் யோசனை பல ஊர்களில் தனித்தனியா வந்திருக்கு. அமெரிக்காவில் மிஷிகன் மாநிலத்தில் 1911-லேயே போட்டாங்க. எனக்குப் பிடிச்ச கதை கலிஃபோர்னியாவோடது, ஏன்னா அதில் வர்றவங்க ஒரு டாக்டர். பேர் ஜூன் மெக்கரோல்.

8/
1917-ல் இண்டியோ என்ற ஊருக்குப் பக்கத்தில் அவங்க காரில் வரும்போது, எதிரே ஒரு லாரி சாலையை அடைச்சுக்கிட்டு வந்து, அவங்களை ஓரத்து மணலில் இறக்கிவிட்டது. சாலை நடுவில் கோடு போடுங்கன்னு அதிகாரிகளிடம் போய்க் கேட்டாங்க. தலையாட்டினாங்களே தவிர வேலை நடக்கல. கடைசியில் தானே இறங்கி, சுமார் ஒரு மைல் நீளத்துக்கு 4 அங்குல அகலத்தில் வெள்ளைக் கோடு போட்டாங்க. விடாம மனு மேல மனு. 1924-ல் கலிஃபோர்னியா அரசு அதை மாநிலம் முழுக்க ஏத்துக்கிச்சு.

9/
பிறகு வந்தது மோட்டார்வே. 1924-ல் இத்தாலியில் மிலான் பக்கம், 1932-ல் ஜெர்மனியில் கொலோன்–பான் இடையே. ஜெர்மனி ஆட்டோபானில் வேக வரம்பே கிடையாதுன்னு நம்ம ஆளுங்க பெருமையா சொல்லுவாங்க. பாதி உண்மை. பல பகுதிகளில் கட்டாய வரம்பு இல்லை, 130 என்பது பரிந்துரை. சொல்லாம விடுற மீதி இதுதான்: அங்கே முந்தினதும் ஓர லேனுக்குத் திரும்பிடணும், ஓரப் பக்கமா முந்தறது குற்றம். அந்த வேகத்துக்கு இந்த ஒழுக்கம்தான் முட்டுக்கொடுக்குது.

10/
பிரிட்டனில் 1959-ல் எம்-1 சாலை திறந்தபோது அதிலும் வேக வரம்பு இல்ல. மூடுபனியில் ஒன்றன்பின் ஒன்றா மோதி, 1965 டிசம்பரில் 70 மைல் (சுமார் 112 கி.மீ.) வரம்பைத் தற்காலிகமா கொண்டு வந்தாங்க. 1967-ல் நிரந்தரம் ஆக்கினாங்க. எந்த ஊரிலும் இந்த விதிகள் சும்மா வரல. முதல்ல பிணம் விழுந்திருக்கு, அப்புறம் விதி வந்திருக்கு.

11/
இப்போ நம்ம ரோட்டுக்கு வருவோம். இன்னைக்கு என்.எச். 544. பழைய ஆளுங்களுக்கு இது என்.எச். 47: சேலம், கோவை, பாலக்காடு, கொச்சி வழியா கன்னியாகுமரி வரை போன சாலை. இருவழிச் சாலை. போறதுக்கு ஒண்ணு, வர்றதுக்கு ஒண்ணு, ரெண்டு பக்கமும் மண்.

12/
அந்த ரோட்டில் லெஃப்ட் ஓரம் என்ன நிலைமை? மாட்டு வண்டி, தறிக்குப் போற சைக்கிள், பஞ்சரான லாரி, பார் உடைஞ்ச தார். லோடு வண்டி ஓரம் இறங்கினா சக்கரம் மண்ணில் மாட்டும். அதனால டிரைவர் சாலையின் நடுவைப் பிடிச்சுக்கிட்டு ஓட்டினார். அன்னைக்கு அவருக்கு அதுதான் பாதுகாப்பு.

13/
முந்தணும்னா பின்வண்டி ஹாரன் அடிச்சுக் கேட்கணும். லாரி முதுகில் 'சவுண்ட் ஹாரன்' என்று எழுதினது அதுக்குத்தான். எதிரே காலியா இருந்தா முன்னால போற டிரைவர் கையை வெளியே நீட்டி முன்னும் பின்னும் வீசி 'போ' என்பார். அது வெறும் பழக்கம் இல்லைங்க, பழைய மோட்டார் வாகன விதிகளிலேயே இருந்த சைகை. இருவழிச் சாலையில் ஓவர்டேக் என்பது ரெண்டு டிரைவர்களுக்குள்ள ஒரு உடன்படிக்கை.

14/
அப்புறம் நாற்கரச் சாலை வந்தது. ஸ்ரீநகர்–கன்னியாகுமரி வடக்கு–தெற்கு வழித்தடத்தில் இருந்து பிரியும் சேலம்–கொச்சி கிளை நம்ம ஊர் வழியாத்தான் போகுது. வைகுந்தத்தில் ஒரு டோல், விஜயமங்கலத்தில் ஒரு டோல்.
ரோடு மாறிடுச்சு, பழக்கம் மாறல. நடுவைப் பிடிச்சு ஓட்டின டிரைவர் டிவைடரைப் பிடிச்சு ஓட்ட ஆரம்பிச்சார். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடுன்னு லாரியும் ரிக் வண்டியும் வாழ வைக்கிற ஊர்கள் நம்மோடது. அவங்களைக் குத்தம் சொல்ல இதை எழுதல. லெஃப்ட்டில் இன்னைக்கும் நின்ன லாரி, ராங் சைடில் வர்ற பைக், சர்வீஸ் ரோட்டில் இருந்து திடீர்னு ஏறுற வண்டி இருக்கத்தான் செய்யுது. அவங்க பயத்திலும் நியாயம் இருக்கு.

15/
ஆனா விலை என்ன? இருவழிச் சாலையில் பயம் நேருக்கு நேர் மோதல். டிவைடர் வந்ததும் அது குறைஞ்சு, பின்னால மோதறது முன்னுக்கு வந்தது. லெஃப்ட்டில் புகுந்த கார், அங்கே மெதுவா போற அல்லது நின்னுட்டிருக்கிற லாரியின் பின்பக்கம் சொருகும். காரின் பானட் லாரிக்கு அடியில் போயிடும். முதல்ல அடி வாங்குறது கண்ணாடி உயரத்தில் இருக்கிற தலையும் கழுத்தும். ஏர்பேக், பம்பர் எல்லாம் அதுக்குக் கீழே இருக்கு.

16/
சட்டம் என்ன சொல்லுது? 1988 மோட்டார் வாகனச் சட்டம் (1989 ஜூலை 1 முதல் அமல்), 1989 சாலை விதிகள், அவற்றுக்குப் பதிலா வந்த 2017 ஓட்டுநர் ஒழுங்குமுறைகள். எல்லாத்திலும் அடிப்படை ஒண்ணுதான்: இடப்பக்கம் போ, வலப்பக்கமா முந்து.
2018 ஏப்ரல் 6 அறிவிக்கையில் மத்திய அரசு உச்சவரம்பைக் கூட்டியது. எக்ஸ்பிரஸ்வேயில் கார் 120, டிவைடர் உள்ள நாற்கரச் சாலையில் கார் 100, லாரியும் பைக்கும் 80.

17/
2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. வழக்கு எதுன்னு தெரியுமா? சாலை விபத்தில் 90% ஊனமான ஒரு இளம் பல் மருத்துவரின் இழப்பீட்டு மேல்முறையீடு. இழப்பீட்டைச் சுமார் ஒன்றரைக் கோடியா உயர்த்தின நீதிபதிகள், வேகத்தைக் கூட்டினா இதுதானே நடக்கும் என்ற கேள்விக்கும் போனாங்க. எந்த எண் சரின்னு அரசும் கோர்ட்டும் பேசிக்கட்டும். நமக்கு ரோட்டோர போர்டில் என்ன எழுதியிருக்கோ அதுதான் லிமிட்.

18/
இதே சாலையின் அந்தப் பக்கம், கோவையில், இன்னொரு டாக்டர் கதை இருக்கு. எலும்பு முறிவு அறுவை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போட்டார். சாரம்: சாலையில் சாவதைத் தடுக்க அரசுக்குக் கடமை இருக்கு. அதன் விளைவா 2014-ல் நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு வந்தது. 2017 நவம்பரில் நாடு முழுக்க விரிவான உத்தரவுகள் வந்தன. ஜூன் மெக்கரோல் பெயின்ட்டோடு இறங்கினாங்க, இவர் மனுவோடு இறங்கினார்.

19/
இப்போ கொஞ்சம் கணக்கு. குமாரபாளையம்–கோவை சுமார் 100 கி.மீ. 100-ல் போனா ஒரு மணி நேரம், 120-ல் போனா 50 நிமிஷம். லாபம் 10 நிமிஷம்.
ஒரு சாலையின் சராசரி வேகம் 1% கூடினா உயிரிழப்பு விபத்து சுமார் 4% கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதே கணக்கில் 20% கூடினா, சுமார் இரண்டு மடங்கு. ஒரு டீ குடிக்கிற நேரத்துக்கு இது ரொம்ப அதிக விலை.

20/
100 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 28 மீட்டர் போகுது. ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்கவே ஒன்றரை நொடி, அதாவது 42 மீட்டர். அப்புறம் நிற்க இன்னும் 55 மீட்டருக்கு மேல. மொத்தம் கிட்டத்தட்ட 100 மீட்டர்.
கார் நின்னாலும் உள்ளே இருக்கிற உறுப்புகள் நிற்கிறதில்ல. மூளை மண்டையோட்டில் மோதும், இதயத்தில் இருந்து வர்ற பெரிய ரத்தக்குழாய் கிழியலாம். அதை எந்தத் தையலாலும் சரி பண்ண எங்களுக்கு நேரமே கிடைக்காது.

21/
2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் 17,884. நாட்டளவில் இறப்புகளில் 71% அதிவேகக் கணக்கில் வருது.
தமிழ்நாட்டில் 108 இருக்கு. முதல் 48 மணி நேர இலவச சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கு. எல்லாமே அடிபட்ட பிறகுதான். அதுக்கு முந்தின ஒரு நிமிஷம் உங்க கையில் இருக்கு.

22/
அதனால கேட்டுக்கறது இவ்வளவுதான்.
• ரைட் லேன் முந்துறதுக்கு. முந்தினதும் கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு லெஃப்ட்டுக்கு வந்துடுங்க. 100-ல் போற கார்க்காரருக்கும் இதே விதிதான்.
• லெஃப்ட்டில் புகாதீங்க. லாரி விடலன்னா டிம்–டிப் அடிங்க, காத்திருங்க.
• லாரி ஓட்டுற அண்ணன்களே, லெஃப்ட் காலியா இருக்கிற இடத்திலாவது லெஃப்ட்டுக்கு வாங்க. வண்டியை நிறுத்தணும்னா லே-பையில் நிறுத்துங்க, பார்க்கிங் லைட் எரியட்டும்.
• யூ-டர்ன் தூரம்னு ராங் சைடில் பைக் விடாதீங்க. ஷிஃப்ட்டுக்கு லேட்டானா சூப்பர்வைசர் திட்டுவார், அவ்வளவுதான்.
• லெஃப்ட்டை சரி பண்ணாம லாரியை லெஃப்ட்டுக்குக் கூப்பிட முடியாது. நின்ன லாரியை அகற்றுறது, சர்வீஸ் ரோட்டை முழுசா போடுறது, இதைக் கேட்டு மனு கொடுங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு டாக்டர் கேட்டுக்கிட்டே இருந்ததாலதான் கோடு வந்தது.

23/
வீட்டில் லாரி, வேன், கால் டாக்ஸி ஓட்டுறவங்க இருந்தா இதைப் படிச்சுக் காட்டுங்க. பாத்துப் போங்க.

அரசு மருத்துவர், குமாரபாளையம்